நாலு மசால் தோசையும் தொலைந்த சிறகுகளும்

புதன்கிழமை, இரவு எட்டரை மணி. திருநெல்வேலி சந்திப்பில் பெங்களூரு ரயிலில் என்னை ஏற்றிவிட்ட கணவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசியாகச் சொன்னது இதுதான்: "அங்க போயி யாருட்டயும் சண்ட போட்டுராத, என்ன?"

நான் சண்டைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் நான் சண்டை போட வேண்டிய ஆள் பெங்களூரில் இல்லை. அவர் எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. என் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பார்த்து, அச்சிடலாமா வேண்டாமா என்று இதழாசிரியருக்குச் சொல்வதற்காக நியமிக்கப்பட்ட, பெயர் சொல்லாத ஒரு மதிப்பீட்டாளர். வீட்டில் நான் அவரை 'அந்த மகராசன்' என்றுதான் சொல்வேன். ஒரே பக்கக் கடிதம் எழுதி என் இரண்டு வாரத் தூக்கத்தைக் கெடுத்த மகராசன்.

படுக்கைப் பெட்டி, நானூறு ரூபாய்ச் சொச்சம், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். கோவில்பட்டி தாண்டியதும் எதிர்ப் படுக்கை அக்கா பேச்சுக் கொடுத்தார். ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"பெங்களூர்ல என்ன சோலி?"

"கேஸ் ஆராய்ச்சிக்கா."

"சிலிண்டர் கேஸா?"

"இல்லக்கா. கார்பன் மோனாக்சைடு. மூடுன ரூம்ல கரியப் போட்டு எரிச்சா ஆளையே கொண்டுபோயிருமே, அந்தக் கேஸு. வானத்துல ரொம்பத் தூரத்துல கெடக்கு. அத உக்காந்து பாக்குதேன்."

"அத்தாம் தூரத்துல கெடந்தா நம்மள என்ன செய்யப்போவுது? விட்டுத் தொலைய வேண்டியதான?"

ஆறு வருடமாக என் பக்கத்து வீட்டில், கல்லூரியில், ஏன், என் மாமியாரின் மனசில்கூட இருக்கும் கேள்வியை அந்த அக்கா ஒரு கடலைமிட்டாயை உடைத்தபடி சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியை எனக்கும் கொடுத்தார். விட்டுத் தொலைக்க முடியாத காரணத்தை அவருக்குச் சொன்ன மாதிரியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பெயர் கோமதி. கல்லூரி வேலைக்கு நடுவே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, பட்டியல் எண்தான். இருபது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. நடுவில் பசியோடு ஒரு கருந்துளை. அது தின்னும்போது அதைச் சுற்றியுள்ள இடம் கொதித்து ஒளிர்கிறது. மேலும் கீழும் இரண்டு தாரைகளைப் பீய்ச்சியடிக்கிறது. இப்படிப்பட்டவற்றைத்தான் செயல்மிகு மண்டலங்கள் என்கிறோம். அதற்குத் தீனி குளிர்ந்த வாயு. அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன், ஆனால் குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு வாயே திறக்காது. கூடவே கொஞ்சமாகக் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் ரேடியோ அலையில் பேசும். அது பேசுவதை வைத்து வாயு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு நெருக்கம், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

என் கட்டுரையின் முடிவு, வாயு எந்தப் பக்கமும் ஓடவில்லை என்பது. தாரை அடித்துக்கொண்டிருக்கும்போதே வாயு ஒன்றும் நடக்காத மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. மகராசன் அதை நம்பவில்லை. 'இவ்வளவு வலுவான தாரை இருக்கும் இடத்தில் வாயு கலங்காமல் இருப்பதை ஏற்க முடியவில்லை. மூலத் தரவிலிருந்து ஒவ்வொரு படியையும் மறுபடி சரிபாருங்கள்' என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் போக வேண்டும். கட்டுரை அச்சேறாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எங்கள் பல்கலைக்கழகம் விடாது. என் பதிவு ஜூனில் முடிகிறது. நீட்டிப்பையும் ஏற்கெனவே வாங்கித் தீர்த்துவிட்டேன். ஆக, இந்தக் கட்டுரை போனால் ஆறு வருடமும் போச்சு.

"அப்ப சண்ட போடு. விடாத" என்றார் அக்கா, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே.

வியாழக்கிழமை, காலை ஒன்பதேகால். ஓசூரில் அக்கா இறங்கிப்போய் வெகுநேரம் கழித்து, வண்டி பையப்பனஹள்ளியின் புது முனையத்துக்குள் நுழைந்தது. விமான நிலையம் மாதிரி ஒரு கண்ணாடிக் கட்டடம். பிப்ரவரி வெயிலில் சூடே இல்லை. எங்கள் ஊரில் மார்கழியில்கூட இப்படி ஒரு காலை கிடைக்காது. வெளியே ஒருவர் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

"கோமதி மேடமா? வணக்கம். யசோ அண்ணன், அசோகன். பேக்கு குடுங்க."

யசோதராவைச் சொல்லியாக வேண்டும். கொரோனா காலத்தில் இணையவழிப் பயிற்சி ஒன்று நடந்தது. சிலி நாட்டுப் பாலைவனத்தில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகள் எடுத்த பழைய தரவுகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து ஆராயலாம். அது எப்படி என்று கற்றுத்தந்தார்கள். அதில் என்னோடு ஜோடி சேர்த்துவிடப்பட்டவள் யசோதரா. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நிலையத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை. மூலத் தரவு மலைபோலப் பெரியது. என் மடிக்கணினி அதைத் திறந்தாலே மயங்கிவிடும். எனவே அவள் அங்கே பெரிய கணினியில் அதைத் திருத்திச் சுருக்கி எனக்கு அனுப்புவாள். நான் இங்கே அதை ஆராய்ந்து எழுதுவேன். நாலு வருடமாக நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. அவள் எனக்கு மேடம், நான் அவளுக்கு மேடம். இருவருக்கும் நடுவே அவ்வளவு மரியாதை, தொட்டால் வழுக்கும்.

அசோகனின் ஆட்டோவில் ஏறினேன். அவர்கள் வீடு இருக்கும் ஜீவனஹள்ளிக்கு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் ஆனது.

"இதுக்கே பேஜாராகிடாதீங்க மேடம். சாயங்காலம் பாருங்க, இதே ரோட்ல குடும்பமே நடத்தலாம்."

மீட்டரைப் பார்த்தேன். அணைந்திருந்தது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம வண்டிக்கு மீட்டரா? சும்மா இருங்க. ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன். நாலு வருசமா எங்க வூட்ல உங்க கேலக்ஸி பேச்சுதான். அந்த கேஸு இன்னாதான் பண்ணுதுனு கேட்டா, சும்மா சுத்திக்கினு இருக்குதுண்றா. அவ்ளோதானா மேடம்?"

"அவ்ளோதான் அண்ணே" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஜீவனஹள்ளியில் சந்து சந்தாக வீடுகள். ஒரு வாசலில் தமிழ், அடுத்த வாசலில் கன்னடம், மூன்றாவது வாசலில் இரண்டும் கலந்து ஒரே சண்டை. யசோதராவின் வீடு ஒரு மாடியில், இரண்டரை அறை. சுவரில் நீலச் சட்டகத்தில் புத்தர். அவருக்குக் கீழே வைஃபை பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. யசோதரா திரையில் பார்த்ததைவிடக் குள்ளம், இன்னும் சின்னப்பெண். வாசலிலேயே என் பையைப் பிடுங்கப் பார்த்தாள், நான் விடவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் பையை இழுத்துக்கொண்டு நின்றோம்.

"வாங்க மேடம். மொதல்ல நாஷ்டா."

"நீங்க சாப்ட்டியளா மேடம்?"

"ரெண்டு மேடமும் உள்ள வாங்கோ, வழி உடுங்கோ" என்றார் அவள் அம்மா, கையில் இட்லித் தட்டோடு.

வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு மேல். யசோதராவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறி இறங்கி, நாகவாரா வழியாக ஹெப்பாள் பக்கம் போனோம். பன்னிரண்டு கிலோமீட்டர். சாலையோரம் இலையே இல்லாமல் ரோஸ் நிறப் பூ மட்டும் பூத்த மரங்கள் வரிசையாக நின்றன. இந்த ஊர்க்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சிக்னல் எத்தனை வினாடி என்றுதான் பார்க்கிறார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு பூ ஹெல்மெட்டுக்குள் போய்விட்டது.

நிலையம் ஒரு சின்னக் காட்டுக்குள் இருந்தது. அங்கே அவளுக்கு ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு துளசிச் செடி. அன்று முழுவதும் மூலத் தரவைத் திறந்து வைத்து ஆன்டெனா ஆன்டெனாவாகச் சரிபார்த்தோம். ஒன்று அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்ததா, இன்னொன்றின் கடிகாரம் தள்ளிப்போனதா, மேலே காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. அது சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம்தான் கூடியது. தப்பு கிடைத்தால் திருத்தலாம். ஒன்றுமே கிடைக்காவிட்டால் 'நீங்கள் நம்பாவிட்டால் நாங்கள் என்ன செய்ய' என்றா மகராசனுக்கு எழுத முடியும்?

"இதுவரைக்கும் பாத்த ஸ்டெப்பெல்லாம் பக்காவா இருக்கு மேடம்" என்றாள் யசோதரா, சாயங்காலம். அவள் குரலிலும் சுரத்தில்லை. "நாளைக்கு மிச்சத்தப் பாக்கலாம். ஏதோ ஒண்ணு கெடைக்கும்."

ஸ்கூட்டரில் திரும்பினோம். நாகவாரா சிக்னலில் நின்றபோது, ஜூனுக்கு அப்புறம் என்னை யாரும் 'ஆராய்ச்சி பண்ணுதா' என்று சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவள் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. இந்தப் பயணத்தில் நான் பார்த்த முக்கியமான இடம் ஒரு தர்ஷினி. பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, போகாதவர்களுக்குச் சொல்கிறேன். நாற்காலி கிடையாது. முதலில் கல்லாவில் காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும், சீட்டை அடுப்படி ஜன்னலில் நீட்ட வேண்டும், தோசை வந்ததும் தட்டை நாமே தூக்கிக்கொண்டு போய், மார்பளவு உயரமான ஒரு வட்ட மேசையில் வைத்து நின்றபடி சாப்பிட வேண்டும். மசால் தோசை எண்பது ரூபாய். உள்பக்கம் சிவப்புச் சட்னி தடவி, ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இருக்கும். திருநெல்வேலிக்காரி நான், தோசையில் சுலபமாகத் தோற்க மாட்டேன். தோற்றேன்.

நிலையத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை அங்கே நிறுத்தினாள். இரண்டு நாளாக இவள் வீட்டில் தின்றுகொண்டிருக்கிறேனே, இதையாவது நான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு. கேட்டால் விடமாட்டாள். "கை கழுவிட்டு வாரேன், நீங்க மேசையப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, சுற்றிக்கொண்டு கல்லாவுக்குப் போய், போனில் நூற்றறுபது ரூபாய் கட்டி, சீட்டை ஜன்னலில் கொடுத்துக் காத்து நின்றேன். கூட்டம் நெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு வந்தது. வெற்றியோடு மேசைக்கு வந்தால், எதிர்ப்பக்கக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு யசோதரா வருகிறாள். அவள் கையிலும் இரண்டு தட்டு.

மேசையில் நாலு மசால் தோசை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் இருவர் எங்களைப் பார்த்து, "ஆன்ட்டி, ஹெல்ப் வேணுமா?" என்றார்கள்.

"ஏன் மேடம், நீங்க எதுக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

"நீங்க எதுக்குக் குடுத்திய?"

"நீங்க கெஸ்ட்டு. உங்கள குடுக்க உடுவாங்களா? கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, அதான் சொல்லாம போய் கட்டினேன்."

"நானும் அதுக்குத்தான் சொல்லாமப் போனேன்."

சிரித்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தோம். நாலைந்து வாய் போயிருக்கும். மிச்சம் இருந்த இரண்டு தட்டைப் பார்த்தேன். நல்லெண்ணத்தில், சொல்லாமல், ஒரே காரியத்தை இரண்டு பேர் செய்தால் என்ன ஆகும் என்று ஆவி பறக்க எதிரே கிடந்தது. எனக்கு வாயில் இருந்த தோசை உள்ளே போகவில்லை.

"யசோதரா, நீங்க எனக்கு அனுப்புத ஃபைல்ல... தரைய எடுத்துட்டா அனுப்புதிய?"

தரை என்பது எங்கள் இருவரின் பேச்சு வழக்கு. கருந்துளையைச் சுற்றியுள்ள இடம் எல்லா அலைவரிசையிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒளிரும். கார்பன் மோனாக்சைடின் கோடு அதன்மேல்தான் நிற்கும். மேடையில் நிற்கும் ஆளின் உயரத்தை அளக்க மேடையின் உயரத்தைக் கழிக்க வேண்டாமா? அந்த மாதிரி அந்தத் தரையைக் கழித்தால்தான் வாயு மட்டும் தெரியும். ஒரு முறைதான் கழிக்க வேண்டும்.

"ஆமா மேடம்" என்றாள். "மொதல் ஃபைல்லேர்ந்தே எடுத்துட்டுதான் அனுப்பறேன்."

"ஐயோ, சொல்லவே இல்லியே!"

"எப்டி மேடம் சொல்றது? நீங்க காலேஜ் வேலையும் பாத்துக்கினு, அந்த சின்ன லேப்டாப்ல கஷ்டப்படறீங்க. ஒரு வேல கம்மி ஆவட்டும்னு பண்ணேன். பண்ணத சொல்லிக் காட்னா நல்லாவா இருக்கும்? ஏதோ உங்களுக்குத் தெரியாத மாதிரி ஆயிடாது?" சட்டென்று நிறுத்தினாள். கண் பெரிதானது. "நீங்களும் எடுத்தீங்களா?"

"எடுத்தேனே! ஒங்களுக்கு அங்க ஆயிரம் வேல இருக்கும், இத வேற கேட்டுத் தொந்தரவு பண்ணணுமான்னு, வாரதையெல்லாம் நானே எடுத்துருவேன். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் லேசா ஒரு மேடு தெரியும். தர இன்னும் மிச்சம் இருக்குன்னு நெனச்சு, வளைவா ஒரு கோடு போட்டு அதையும் சொரண்டிருவேன்."

"மேடம்" என்றாள் மெதுவாக. "நான் எடுத்த பின்னாடி தர எங்க மிச்சம் இருக்கும்? அந்த மேடு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. கோட்டின் இரண்டு பக்கமும் மெலிதாகச் சரிந்து பரவும் பகுதியைச் சிறகு என்போம். வாயு வேகமாக வெளியே ஓடினால் அது தெரிவது அந்தச் சிறகில்தான். தரை என்று நினைத்து நான் நாலு வருடமாகச் சிறகைச் சுரண்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். போட்டுவிட்டு, 'சிறகே இல்லை, வாயு ஓடவே இல்லை' என்று பன்னிரண்டு பக்கம் கட்டுரையும் எழுதியிருக்கிறேன். ஒரே சாம்பாருக்கு இரண்டு பேர் உப்புப் போட்டால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். இது தெரியவே இல்லை.

தோசை இல்லாவிட்டாலும் எப்படியும் கண்டுபிடித்திருப்போம் என்று யசோதரா இன்றைக்கும் சாதிக்கிறாள். நான் நம்பவில்லை. நாங்கள் இருந்த மரியாதைக்கு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் கழித்திருப்போம். மிச்சத் தோசை இரண்டையும் அந்தப் பையன்களிடம் தள்ளிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தோம். ஹெப்பாள் வரைக்கும் இரண்டு பேரும் கத்திக்கொண்டே போனோம், காற்றில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை.

மூலத் தரவிலிருந்து மறுபடி ஆரம்பித்து, தரையை ஒரே ஒரு முறை கழித்துப் படமாக்கச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தோம். கொடுக்கும்போது யசோதரா சத்தமாகச் சொன்னாள்: "இப்போ நான் தரைய எடுக்கறேன். நீங்க எடுக்காதீங்க." நானும் சத்தமாகச் சொன்னேன்: "எடுக்கல. எடுக்கவே மாட்டேன்." பக்கத்து மேசைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

கணினி வேலையை முடிக்க மறுநாள் காலை ஆகும். இருப்புக்கொள்ளவில்லை. மேடு என்று நான் பார்த்தது உண்மையிலேயே சிறகுதானா, அல்லது கருவியின் கோளாறா? அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கார்பன் மோனாக்சைடு ஒரே கோட்டில் பேசுவதில்லை. சுழன்றுகொண்டிருக்கும் மூலக்கூறு முதல் படியிலிருந்து கீழே இறங்கும்போது ஒரு கோடு, இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கும்போது இன்னொன்று. எங்களிடம் இரண்டும் இருந்தன. வேறு வேறு நாளில் பிடித்தவை. இரண்டிலும் ஒரே வேகத்தில் சிறகு தெரிந்தால் அது வாயு. ஒன்றில் மட்டும் தெரிந்தால் கோளாறு. அவ்வளவுதான் கணக்கு.

அன்று சாயங்காலம் யசோதராவின் அம்மாவோடு காய் வாங்கப் போனேன். கடைக்காரரிடம் கன்னடத்தில் விலை கேட்டு, என்னிடம் தமிழில் திட்டி, மறுபடி கன்னடத்தில் பேரம் பேசி, நாற்பது ரூபாய் அவரைக்காயை முப்பதுக்கு வாங்கினார். "இன்னா கண்ணு, மொகமே சரியில்ல? யசோவும் அப்டிதான் இருக்கா. ரெண்டு பேரும் சண்டையா?" என்றார். இல்லையென்றேன். "சண்ட போட்டுடுங்கோ. இப்டி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்கறத விட அது மேலு" என்றார். ரயிலக்காவிலிருந்து எல்லாருக்கும் நான் சண்டை போட வேண்டும் என்றே ஆசை. என் கணவர் ஒருவர்தான் விதிவிலக்கு.

சனிக்கிழமை, காலை ஒன்பதரை. நிலையத்தில் ஈ காக்கை இல்லை. யசோதரா திரையைத் திறந்தாள். முதல் கோடு வந்தது. நடுவில் நாங்கள் நாலு வருடமாகப் பார்த்துப் பழகிய அதே இரட்டைக் கொம்பு, சுற்றிக்கொண்டிருக்கும் வாயுவின் அடையாளம். அதற்கு இடப்பக்கம், நான் எப்போதும் சுரண்டுகிற இடத்தில், தாழ்வாக நீண்டு ஒரு சரிவு. வலப்பக்கமும் இருந்தது, அதைவிடச் சின்னதாக.

"ரெண்டாவதப் போடுங்க" என்றேன். அவள் அழுத்திய அவசரத்தில் முதல் தடவை தப்பான ஃபைல் திறந்தது. மூடிவிட்டுச் சரியானதைத் திறந்தாள்.

இரண்டாம் கோட்டிலும் சிறகு இருந்தது. அதே பக்கம், அதே வேகம். முதல் கோட்டில் இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. மூலக்கூறு மேல் படிக்கு ஏறச் சூடு வேண்டும். அதாவது, தட்டாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வாயு குளிர்ந்து கிடக்க, சிறகில் இருக்கும் வாயு சூடேறியிருக்கிறது. தாரை அதைப் பிடித்து அடித்துக் கலக்கி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வினாடிக்கு ஐந்நூறு கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய பதிமூன்று மணி நேரம் நான் உருண்டு வந்த தூரத்தை அது ஒரு வினாடிக்குச் சற்று மேல் எடுத்துக் கடந்துவிடும்.

"ஏட்டி!" என்று கத்திவிட்டேன். "ஏட்டி, ஓடுதுட்டி! பாருட்டி, ரெண்டுலயும் ஓடுது!"

கத்தின பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எங்கள் ஊரில் கூடப் பிறந்தவளையும், ஒன்றாகப் படித்தவளையும் தவிர யாரையும் ஏட்டி என்று கூப்பிட முடியாது. அடிக்க வருவார்கள். யசோதரா திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டின்னா இன்னா மேடம்?"

"தப்பா எடுத்துக்காதிய. அது... ரொம்ப வேண்டப்பட்டவியளத்தான் அப்பிடிச் சொல்லுவோம்."

"அப்போ இனிமே அதையே சொல்லுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷம். அதோடு என்மேலேயே அப்படி ஒரு கோபம். மகராசன் மேல் இருந்த கோபம் மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை.

மதியமே இதழாசிரியருக்கு எழுதினோம். சுற்றி வளைக்கவில்லை. 'மதிப்பீட்டாளர் சொன்னது சரி. தரையை நாங்கள் இரண்டு முறை கழித்துவிட்டோம். வாயு வெளியே ஓடுகிறது. எங்கள் முடிவு தலைகீழாகிவிட்டது. கட்டுரையைப் புதிதாக எழுத அவகாசம் வேண்டும்.' அனுப்பும் பொத்தானை யார் அழுத்துவது என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் அழுத்தினேன். கொடுப்பார்களா, வேண்டாம் என்று தள்ளிவிடுவார்களா, தெரியாது. தள்ளிவிட்டால் ஜூனுக்குள் இன்னொரு இதழ் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை. முனையத்துக்கு அசோகன்தான் கொண்டுவந்து விட்டார். யசோதராவும் கூட வந்தாள். விஷயம் முழுவதும் அவருக்கு வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

"அப்போ சுத்திக்கினு இல்ல. ஓடுது."

"ஓடுது அண்ணே."

"சக்கத்! சூப்பரு! இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் ஸ்டாண்டுல கெத்தா சொல்லியிருப்பேன். நாலு வருசமா சும்மா சுத்துதுனு சொல்லி மானமே போச்சு."

இறங்கும்போது இருநூறு ரூபாயைச் சீட்டுக்கு அடியில் செருகினேன். செருகிவிட்டு, "அண்ணே, சீட்டுக்கு அடியில எரநூறு ரூவா வச்சிருக்கேன். சொல்லிட்டேன்" என்றேன்.

அசோகன் தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ நானும் சொல்லிடறேன். உங்க பைல எங்கம்மா தோச மாவு வச்சிருக்கு. யசோவும் அதே மாவு ஒரு டப்பா வச்சிருக்கா. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது."

யசோதரா விழுந்து விழுந்து சிரித்தாள். வண்டி கிளம்பும் வரை நடைமேடையில் நின்றாள். போய்விட்டு வருகிறேன் மேடம் என்று வாய் வரை வந்ததை மாற்றி, "வாரேன்ட்டி" என்றேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் திருநெல்வேலி. இறங்கின உடனேயே வேர்த்தது. பெங்களூரில் காலை ஒன்பது மணிக்கு இருந்த குளிர்ச்சி இங்கே ஐந்து மணிக்கே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். செய்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இங்கேயும் வளர்க்கிறார்கள், ஜீவனஹள்ளியிலும் வளர்க்கிறார்கள். நல்ல குணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு ஆறு வருடம் போயிருக்கும், அவ்வளவுதான்.

மதியம் இரண்டாமாண்டு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது இதழாசிரியரின் பதில் வந்திருந்தது. வராந்தாவிலேயே நின்று படித்தேன். இரண்டு மாத அவகாசம். கடைசியில் மகராசன் எழுதிய ஒரு வரியையும் சேர்த்திருந்தார்: 'திருத்திய கட்டுரையைப் படிக்க ஆவலாக இருக்கிறேன்.' ஏப்ரலில் கொடுத்தால் ஜூனுக்குள் ஆய்வேடு போய்விடும். பிள்ளைகள் என்னை விலக்கிக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றிருக்கிறேன்.

யசோதராவுக்கு அதை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் புது ஃபைலோடு பதில் வந்தது. நாலு வருடமாக 'டியர் மேடம்' என்று ஆரம்பிப்பவள் இப்படி எழுதியிருந்தாள்:

"ஏட்டி கோமதி, இந்த வாட்டி தரைய நான் எடுக்கல. நீதான் எடுக்கணும். சொல்லிட்டேன்."